படத்தில் இருந்த ஆறு

போன மாதம், ஜீயபுரம் பக்கத்தில் நான் வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் ஒரு விழா நடந்தது. ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை போர்த்துகிறோம் என்று அங்கே புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் போன் செய்தாள். "அந்தக் காலத்துல எப்படி வேலை பாத்தீங்கன்னு ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்கம்மா. எங்களுக்கும் தெரியணும்ல" என்றாள். நான் அங்கே முப்பத்தோரு வருஷம் ஆயாவாக இருந்தவள். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன்.

மேடையில் எனக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் பேசினார். புதிதாகக் கல்யாணம் ஆன பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள், நம் ஜனத்தொகை குறைந்துகொண்டே போகிறது, நாளைக்கு வேலை செய்ய ஆள் இருக்காது, ரெண்டு மூணு என்று தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அடுத்தது நான். மைக்கை வாங்கினேன், வணக்கம் என்றேன், திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு வராத பேச்சை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

புருஷன் போன பிறகு, கையில் ஒரு பிள்ளையோடு அந்த வேலைக்குப் போனேன். மூன்று வாரம் பழக்கினார்கள். கத்திரி, கிண்ணம் எல்லாம் கொதிக்க வைப்பது, பஞ்சைச் சுருட்டுவது, துணியை மடிப்பது, அவ்வளவுதான் படிப்பு. மற்றதெல்லாம் சகாயமேரி சிஸ்டரிடம் கற்றுக்கொண்டது. எங்கள் கிராமங்களுக்கு அவர்தான் செவிலியர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு லிஸ்டில் ஆள் குறைந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பயந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன். அதே சிஸ்டர் ஒரு பிரசவம் என்றால் சேற்று வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாழைத்தோப்புக்குள்ளே ஓடுவார். புடவையில் ரத்தம் பட்டால் முகம் சுளிக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை.

எங்களிடம் ஒரு படம் இருந்தது. அரை ஆள் உயரம், துணியில் ஒட்டி மேலும் கீழும் குச்சி வைத்தது. இடது பக்கம் ஏழு பிள்ளைகள், கிழிந்த புடவையில் தாய், காலிக் குடம், பின்னால் வெடித்துக் கிடக்கிற ஆறு. வலது பக்கம் இரண்டு பிள்ளைகள், தலை நிறையப் பூவோடு தாய், நிறைகுடம், பின்னால் கரை தொட்டு ஓடுகிற ஆறு. சிஸ்டர் விரலால் காட்டிப் பேசுவார். நான் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் முகம் படத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எனக்கு அது வசதி.

கூட்டத்தில் வாய் திறக்காத நான் அடுப்படியில் பேசுவேன். பொம்பளைகள் அரிசி களைந்துகொண்டிருப்பார்கள், நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொல்வேன். சத்தமாகப் பேசுகிறவளை நம்பாதவர்கள் என்னை நம்பினார்கள். சிஸ்டர் ஒருமுறை சொன்னார், "மைக் வெச்சுப் பேசினா வராதவ, சரோஜா முணுமுணுத்தா வந்துடறா." அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

புதன்கிழமை ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய், ராத்திரிக்கு மேல் வாயில் ஒன்றும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவேன். அவளிடம் மட்டும் சொன்னால் போதாது, மாமியாரிடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது' என்று விடியற்காலையில் ரெண்டு இட்லியை ஊட்டி அனுப்பிவிடுவார்கள், டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். காலையில் வேன் வரும். வேனிலேயே ஒவ்வொருத்தியிடமும் கடைசியாகத் தீட்டான நாளைக் கேட்டு வைத்துக்கொள்வேன். அங்கே போனதும் மூக்குத்தி, தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி ஆளுக்கொரு துணியில் முடிந்துகொள்வேன். ஒருத்திக்கு ஒற்றை முடிச்சு, ஒருத்திக்கு இரட்டை, ஒருத்திக்கு ஓரத்தில் கிழிசல். அதுதான் எனக்கு அடையாளம். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மூக்குத்தி மாறிப் போனதில்லை. தாலியைக் கழற்றச் சொன்னால் அழுவார்கள். அதற்காகவே என் பையில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் இருக்கும். முதலில் அதைக் கட்டிவிட்டு அப்புறம்தான் மற்றதைக் கழற்றுவேன். மெட்டியைக் கழற்றவே மாட்டார்கள், அதன்மேல் பிளாஸ்திரி சுற்றிவிடுவேன்.

உள்ளே போனால் ஒருத்திக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. வெளியே தூக்கி வந்து கூடத்தில் பாயில் வரிசையாகப் படுக்க வைப்போம். அந்த வரிசையில் குனிந்தபடி நடந்து நடந்துதான் என் இடுப்பு போனது. வாந்தி எடுக்கிறவள் தலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், மயக்கத்தில் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்களைக் கேஸ் என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு முதல் மொட்டை சமயபுரத்தில்தான். அது ஆகிறவரைக்கும் பிள்ளை அம்மனுடையது, நம்முடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். "ரெண்டாவதுக்கு மொட்டை போட்டுட்டு வரேங்க்கா" என்று ஒருத்தி சொன்னால் அதற்குமேல் நான் வற்புறுத்த மாட்டேன். சிஸ்டர் லிஸ்டு நோட்டில் இருந்தது. என் லிஸ்டு மனசில் இருந்தது. அதில் மொட்டை ஆனவர்கள், ஆகாதவர்கள் என்று ரெண்டே வரிசைதான்.

செல்வி வாழைத்தார் வெட்டப் போகிறவருடைய மனைவி. வயசு இருபத்திரண்டு இருக்கும். மூத்தது கவிதா. அடுத்தது பையன், அம்மனுக்கு வேண்டிப் பிறந்தவன் என்று மாரிமுத்து எனப் பெயர் வைத்திருந்தார்கள். செல்விக்கு வாய் அதிகம். படம் காட்டிய அன்றைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "சிஸ்டர், அந்தப் பக்கத்து ஆத்தை இந்த ஏழு பிள்ளைங்களா குடிச்சுது? ஒரு ஆத்தையே குடிக்கணும்னா எம்மாம் பெரிய வயிறு வேணும்" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். படத்துக்குப் பின்னால் நானும் சிரித்தேன். அது வேடிக்கை இல்லை, சரியான கேள்வி என்று தெரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது.

அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசி. திருச்சியில் மீட்டிங் போய்விட்டுச் சாயங்காலம் சிஸ்டர் வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். "சரோஜா, இன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சுட்டாங்க. மத்தியானம் வரைக்கும்" என்றார். கடிகாரத்தைக் கழற்றவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. லிஸ்டில் ஒன்று குறைகிறது என்று எனக்குத் தெரியும்.

நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள். மாரி ஒன்றரை வயசுப் பிள்ளை, வெட்டாத முடியை உச்சியில் சேர்த்துக் கட்டி ஒரு கனகாம்பரம் வைத்திருந்தாள். "சித்திரையில மொட்டை வெச்சிருக்கோம்க்கா. அது முடிஞ்ச மறுவாரமே வந்துடறேன்" என்றாள். சித்திரைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஆனால் மார்ச் அதற்கு முன்னால் முடிந்துவிடும், அந்த வருஷத்து லிஸ்டுக் கணக்கும் அதோடு முடிந்துவிடும்.

நான் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "மொட்டை எங்க ஓடிப் போவுது? தையல் காயவும் சித்திரை வரவும் சரியா இருக்கும். ரெண்டு போதும் செல்வி. இதுங்களுக்காவது ஆத்துல தண்ணி மிச்சம் இருக்கட்டும்."

மாரியின் உச்சியில் நழுவியிருந்த பூவைச் சரி செய்தாள். "நீங்க சொன்னா சரிக்கா" என்றாள்.

மஞ்சள் கயிற்றை நான் கட்டும்போது, "என்னக்கா, மறுபடியும் கல்யாணமா? மாப்பிள்ளை யாரு, டாக்டரா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு உள்ளே போனாள். சித்திரையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசின தலையோடு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆற்றில் லாரி இறங்கியது. முதலில் மாட்டுவண்டிகள்தான் மண் அள்ளின. அப்புறம் லாரி, அப்புறம் மண்ணை வாரும் பெரிய இயந்திரம். ஒரு முழம் கையால் தோண்டினால் தண்ணீர் ஊறிய மணல், ஆள் ஆழம் தோண்டினாலும் வெறும் ஈரம் காட்டியது. எங்கள் நிலையத்துக் கைப்பம்பு காற்றை இறைத்தது. மணல் எங்கே போகிறது என்று கேட்டால், ஸ்ரீரங்கத்துக்கு, திருச்சிக்கு, அதற்கும் அப்பால் என்றார்கள். வீடு கட்ட வேண்டாமா, ஜனம் பெருகுகிறதே என்றார்கள். அந்த வருஷங்களிலும் நாங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். லாரி கிளப்பின புழுதி படத்தில் படிந்துவிடும். துடைத்துவிட்டுத்தான் பிடிப்பேன். ஆற்றைக் காலி செய்தவன் எங்களைத் தாண்டித்தான் போனான், எங்களுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு. நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம்.

மாரிக்கு ஆறு வயசு. ஆடி மாதம், மேட்டூரில் திறந்த புதுத்தண்ணீர் வந்து மூன்றாம் நாள். ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு ஆறு தெரியும். எந்தத் துறையில் கணுக்கால் ஆழம், எங்கே இடுப்பு ஆழம் என்று நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்வார்கள். கோடையில் தோண்டிப் போட்ட குழிகளைப் புதுத்தண்ணீர் மூடியிருந்தது. மேலே பார்த்தால் எப்போதும் போல முழங்கால் தண்ணீர். நடந்துகொண்டிருந்தவன் அடுத்த அடியில் இல்லை. அவன் அப்பாதான் மூழ்கித் தூக்கி வந்தார். அவர் உயரத்துக்கு ரெண்டு மடங்கு ஆழம் என்று சொன்னார்.

துக்கத்துக்குப் போனேன். செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. அவள் மாமியார்தான் பேசினாள். "ஆத்தாளுக்கு முடி குடுக்கறதுக்கு முன்னாடியே இவ வயித்தைப் பூட்டிக்கிட்டா. ஆத்தா கேக்காம விடுவாளா?" சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வாசலில் நின்று பார்த்தால் அந்த இயந்திரம் கரைமேல் தெரிந்தது, தண்ணீர் வந்ததால் வேலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஒருத்தர்கூட அந்தப் பக்கம் கையைக் காட்டவில்லை. அவசரப்பட்ட தாய் குற்றவாளி, அவளை அவசரப்படுத்திய ஆயா குற்றவாளி, கேட்டு வாங்கிய அம்மன் குற்றவாளி. குழி தோண்டியவன் மட்டும் குற்றவாளி இல்லை.

அந்தப் பேச்சு எனக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பல வருஷம் நான் சமயபுரம் பஸ்ஸில் ஏறவில்லை.

மூன்று மாதம் கழித்துச் செல்வி எங்கள் நிலையத்துக்கு வந்தாள். மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் பேச்செடுத்திருந்தாள். "அக்கா, அன்னைக்குப் பண்ணினதை அவுத்து விட முடியுமா? எனக்கு இன்னொண்ணு வேணும்" என்றாள். பிள்ளையை இழந்தவர்களுக்கு, வெட்டிய கருக்குழாயை மறுபடி சேர்த்துவிடும் ஆபரேஷன் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் உண்டு. அதற்கு எங்கள் நிலையத்திலிருந்து கடிதம் வேண்டும். சிஸ்டர் உடனே எழுத உட்கார்ந்தார். பிள்ளை எப்படி இறந்தது என்ற இடத்தில், 'மணல் அள்ளிய குழியில் மூழ்கி' என்று எழுதினார். முத்திரை வாங்க மேலே இருந்தவரிடம் கொண்டு போனார். அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, இது நம்ம வேலை இல்லையம்மா, ஆற்றில் மூழ்கி என்று எழுதுங்கள் போதும் என்று சொல்லிவிட்டார்.

சிஸ்டர் திரும்பி வந்து கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஆறு ஒண்ணும் பண்ணலை சரோஜா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். பிறகு வேறு காகிதம் எடுத்து, 'ஆற்றில் மூழ்கி' என்று எழுதினார். கடிதம் இல்லாவிட்டால் செல்விக்கு ஆபரேஷன் இல்லையே.

நான் லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ்ஸில் போனேன். அவளுடைய தோட்டையும் மூக்குத்தியையும் மறுபடி துணியில் முடிந்தேன். மஞ்சள் கயிற்றை மறுபடி கட்டினேன். இந்தத் தடவை மாப்பிள்ளை யார் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பெண் டாக்டர் நல்ல மாதிரி, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் ஆபரேஷனில் அவசரத்தில் குழாயை நிறைய வெட்டியிருக்கிறார்கள், சேர்க்க நீளம் இல்லை என்று.

மயக்கம் தெளிந்ததும் செல்வி கேட்டாள். நான் சொன்னேன். கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "ஆத்துல தண்ணி மிச்சம் இருக்கட்டும்னு சொன்னீங்களேக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவள் புருஷன் நல்ல மனிதர். ஒன்று இருக்கிறது, போதும் என்று தாயிடம் சொல்லிவிட்டார். கவிதாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஸ்ரீரங்கத்தில் மகனோடு இருக்கிறேன். நாலு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மூன்று குளியலறை. கீழே ஒருவர் தினமும் குழாய் வைத்துக் காரைக் கழுவுகிறார், அவருக்கு ஒரே பிள்ளைதான். காலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடித்தேன், பொலபொலவென்று மணல் உதிர்ந்தது. ஆற்று மணல், எனக்குத் தெரியாதா? மாரி விழுந்த குழி எந்தச் சுவரில் இருக்கிறதோ என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. நானும் அந்தச் சுவருக்குள்ளேதான் படுத்துத் தூங்குகிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜனம் பெருகவில்லை என்று நான் சொல்லவில்லை. ஜீயபுரத்துச் சாலையில் வாழைத்தோப்பெல்லாம் மனையாகிவிட்டது, கண்ணால் பார்க்கிறேன். ஆபரேஷனும் தப்பில்லை. ஆறாவது பிரசவத்தில் செத்துப் போனவர்களைக் குளிப்பாட்டிய கை இது. உன் உடம்புக்காகச் செய்துகொள் என்று சொல்லியிருந்தால் அது உண்மை. உனக்கு எப்போது இஷ்டமோ அப்போது வா என்று சொல்லியிருந்தால் அது மரியாதை. ஆற்றுக்காகச் செய்துகொள் என்று சொன்னது பொய். படத்தில் பிள்ளைகளைத்தான் எண்ணிக் காட்டினோம். லாரியை யாரும் அதில் வரையவில்லை. கார் கழுவுகிறவரை வரையவில்லை. நாள் முழுக்க ரெண்டு குடம் தண்ணீரில் குடும்பத்தை ஓட்டியவளிடம் போய், உன்னால்தான் ஆறு வற்றுகிறது என்று முணுமுணுத்தேன்.

அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ரெண்டு என்றால் ரெண்டு, ஒன்று என்றால் ஒன்று. ஆறு நிறைந்ததா? இப்போது மேடை போட்டு, நிறையப் பெறுங்கள் என்கிறார்கள். பொம்பளை வயிறு என்ன வாய்க்கால் மடையா, இவர்கள் வேண்டாம் என்றால் அடைத்துக்கொள்ளவும் வேண்டும் என்றால் திறந்துவிடவும்? அன்றைக்கு அடைக்கச் சொன்னது தப்பு என்று யாராவது ஒருத்தர் வந்து செல்வியிடம் சொன்னார்களா? புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, நாளைக்கு உங்கள் கையில் வேறு ஒரு படம் கொடுப்பார்கள். தூக்கிப் பிடிப்பதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள். அதில் யாரை வரையாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

விழா முடிந்து, சால்வையோடு கீழே இறங்கி வந்தேன். கடைசி வரிசையில் செல்வி உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. கவிதாவின் பெண் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அந்தப் பெரிய மனிதர் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஏன்க்கா, மைக்கைக் கையில குடுத்தும் ஒண்ணும் சொல்லாம வந்துட்டீங்க?"

"உனக்குத்தான் தெரியுமே செல்வி. கூட்டத்துல எனக்கு வாய் வராது" என்றேன்.

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு என் அடுப்படியில வந்துச்சே."